சில சமயம் மட்டும் நிற்கும் வண்டி

மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி ரோடு பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வண்டிகளுக்கு மின்சார வேலை பார்க்கும் ஒரு பட்டறை இருந்தது. அதை நடத்திய தெய்வாத்தாளுக்கு நாற்பது வயது. அவளிடம் சீடராகச் சேர்ந்த வரதராஜுலுவுக்கு அறுபத்தொன்று.

வரதராஜுலு முப்பது வருஷம் பாலிடெக்னிக்கில் மின்சாரப் பாடம் நடத்தியவர். ஓய்வு பெற்ற மறு வாரம் அவருடைய ஸ்கூட்டர் ஹாரன் ஊமையாகிவிட்டது. இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டினார். மூன்றாம் நாள் தெய்வாத்தாள் வந்து இரண்டே நிமிஷத்தில் அதை அலற வைத்தாள். கரும்பலகையில் வரைந்த கம்பி மழையில் நனையாது, அதை எலியும் கடிக்காது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஆசையாகவும் இருந்தது. மறுநாள் காலை டிபன் டப்பாவோடு பட்டறை வாசலில் வந்து நின்றுவிட்டார்.

அவர் அவளை அம்மணி என்பார். அவள் அவரை வாத்தியாரே என்பாள். குருவே சீடனை வாத்தியார் என்று கூப்பிடும் கூத்து வேறு எங்கும் நடந்திருக்காது.

தை மாதம் ஒரு புதன்கிழமை காலையில் பிலவேந்திரனின் வண்டி வந்து நின்றது. அது ஐம்பது வருஷத்துப் பழைய வேன். பின்னால் எஞ்சின், நடுவில் கட்டில், ஓரத்தில் ஒரு சின்ன அடுப்பு, தலைக்கு மேல் தூக்கித் திறக்கிற கூரை. நடமாடும் வீடு என்றே சொல்லலாம். தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த பிலவேந்திரனுக்கு, ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டு டாக்டர் விட்டுவிட்டுப் போனது.

வண்டியைப் பார்த்ததும் வரதராஜுலு கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார். மூன்று மாதத்தில் இது நான்காவது முறை.

முதல் முறை வந்தபோது பேட்டரியை மாற்றினார். இரண்டாம் முறை எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, உள்ளே தேய்ந்திருந்த கார்பன் கட்டைகளை மாற்றினார். மூன்றாம் முறை சாவி சுவிட்சையே மாற்றினார். ஒவ்வொரு முறையும் பட்டறையில் வண்டி சமர்த்தாகக் கிளம்பும். ஒரு மாதம் கழித்து மலையில் எங்காவது நின்றுவிடும்.

மூன்றாம் முறை அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிலவேந்திரன் சாவி திருப்புவதைப் பார்த்தார். அந்த விரல்கள் லேசாக நடுங்கின. "அண்ணா, சாவியைத் திருப்பிக் கொஞ்சம் பிடிச்சிருக்கணும். நீங்க கை நடுக்கத்துல சட்டுனு விட்டுர்றீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிலவேந்திரன் தன் கையை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

இன்றைக்கு அவர் வண்டியை விட்டு இறங்கி நின்றபடியே சொன்னார்.

"பழுது பாக்க வரலீங்க சார். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். ஞாயித்துக்கெழமை வண்டியை ஒருத்தர் வாங்க வர்றார். ரிசார்ட்டுக்காரர். புல்தரையில நிறுத்தி அதுல காபி விக்கப் போறாராம். எஞ்சின் ஓடணும்கற அவசியம்கூட இல்லைங்கறார்."

உள்ளே கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்த தெய்வாத்தாள் தலையைத் தூக்கினாள். "அக்கா என்ன சொல்றாங்க?"

"அவதான் விக்கச் சொல்றா."

பிலவேந்திரனின் மனைவி அமலோற்பவத்துக்கு முதுகெலும்பில் கோளாறு. பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியாது. காரோ பஸ்ஸோ அவளுக்கு ஆகாது. அந்த வண்டியின் கட்டிலில் படுத்துக்கொண்டு மாதம் ஒரு நாள் மலையேறுவாள். வழியில் பள்ளத்தாக்கு தெரிகிற ஓர் இடத்தில் நிறுத்தி, இஞ்சி டீ போட்டுக் குடித்துவிட்டு இரண்டு பேரும் இறங்கி வருவார்கள். அவள் வீட்டை விட்டு வெளியே வருவது அந்த ஒரு நாள்தான்.

"போன தடவை நின்னப்ப பஸ்ல வந்தவங்கெல்லாம் எறங்கித் தள்ளுனாங்க" என்றார் பிலவேந்திரன். "அவ உள்ள படுத்திருக்கா. நாலு பேரு தூக்கிட்டுப் போற மாதிரியே இருக்குதுங்க, உசுரோட எனக்கு எதுக்கு இந்த ஊர்வலம்னு கேட்டா. என்னத்தைச் சொல்றது? என் கையும் முன்ன மாதிரி இல்லீங்க."



"சனிக்கெழமை வரைக்கும் பொறுங்க" என்றாள் தெய்வாத்தாள். "அதுவரைக்கும் வாத்தியாரு பாப்பாரு."

பாப்பாராம்! வரதராஜுலுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருந்தாலும் வோல்ட் பார்க்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். பேட்டரியில் வைத்தார், ஸ்டார்ட்டரில் வைத்தார், சுவிட்சில் வைத்தார். எங்கே வைத்தாலும் பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"அம்மணி, கம்பி எல்லாம் நல்லாத்தான் இருக்குது. சில சமயம் கிளம்புது, சில சமயம் கிளம்பல. இந்த மாதிரிப் பழுதை எப்படிப் பிடிக்கிறது?"

"எப்பக் கிளம்பலீங்க?"

"எப்பவாவது."

"எப்பவாவதுங்கறது ஒரு நேரமுங்களா?"



தெய்வாத்தாள் திரும்பி நின்று மேசையில் ஏதோ செய்தாள். பிறகு ஒரு முழ நீளக் கம்பியை அவரிடம் நீட்டினாள். நடுவில் கொஞ்சம் டேப் சுற்றியிருந்தது.

"இது நல்ல கம்பியா, பாத்துச் சொல்லுங்க."

ஒரு முனையைப் பேட்டரியில் கொடுத்து மறு முனையில் மீட்டரை வைத்தார். பன்னிரண்டரை.

"நல்ல கம்பிதான்."

"அப்ப அந்த மூலையில கெடக்கற பழைய ஸ்டார்ட்டருக்குக் குடுங்க."

கம்பி தொட்டதும் மோட்டார் அசையவில்லை. டேப்புக்குள் பளிச்சென்று ஒரு வெளிச்சம், கொஞ்சம் புகை, கருகிய வாசனை. வரதராஜுலு டேப்பைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே முப்பது இழைகளையும் வெட்டிவிட்டு ஒரே ஒரு இழையை மட்டும் அவள் விட்டுவைத்திருக்கிறாள். அதுவும் இப்போது போய்விட்டது.

"மீட்டரு கேக்கறதுக்கு ஒரு இழையே போதுமுங்க" என்றாள். "அது என்ன, மூட்டையா தூக்கச் சொல்லுது? மோட்டாருதான் தூக்கச் சொல்லும்."

முப்பது வருஷமாக இதைத்தானே நான் பாடமாக நடத்தினேன் என்று அவருக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அதே சமயம், எத்தனையோ நாளைக்குப் பிறகு, புதுப் புத்தகத்தைப் பிரித்த பையனைப் போல ஆர்வமும் பிடித்துக்கொண்டது.

"அப்படின்னா அது கெடுறப்பத்தான் பாக்கணும். கெடுறப்ப நான் பக்கத்துல இருக்கணும்."

"நாளைக்கு அவரோட போங்க. மீட்டரும் காகிதமும் போதும். ஸ்பேனரை இங்க வச்சுட்டுப் போங்க."

"ஸ்பேனர் இல்லாம மெக்கானிக்கா?"

"கையில இருந்தா எதையாவது கழட்டுவீங்க. கழட்டிப் பூட்டுனா ரெண்டு நாளைக்கு நல்லா இருக்கும். அப்பறம் மறுக்கா நின்னுக்கும். இத்தன நாளா அதானே நடக்குது? வண்டி நின்னா நிக்கட்டும். தள்ளவும் வேண்டாம்."

வியாழக்கிழமை பிலவேந்திரனும் வரதராஜுலுவும் மட்டும் மலையேறினார்கள். அமலோற்பவம் வரவில்லை. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் ஊர்வலம் போனது போதும்" என்று கட்டிலில் படுத்தபடியே சொல்லிவிட்டாள்.

வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சாவியைத் திருப்பினார்கள். மேட்டில், பள்ளத்தில், வெயிலில், மர நிழலில் என்று பதினாறு முறை. பதினாறு முறையும் வண்டி உடனே கிளம்பியது. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும் மாப்பிள்ளை மாதிரி அவ்வளவு மரியாதை. வரதராஜுலுவுக்கு அழுகையே வந்துவிட்டது. எந்த மெக்கானிக்காவது வண்டி கிளம்புகிறதே என்று வருத்தப்பட்டிருப்பானா? அவர் பட்டார்.

வெள்ளிக்கிழமை காலை காகிதத்தைத் தெய்வாத்தாளிடம் காட்டினார்.

"கெடவே இல்ல அம்மணி. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்குது."

அவள் காகிதத்தை மேலிருந்து கீழே வரை படித்தாள். "ஒவ்வொரு எடத்துலயும் எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"ரெண்டு நிமிஷம். மூணு நிமிஷம்."

"அவங்க ரெண்டு பேரும் போறப்ப எவ்வளவு நேரம் நிப்பாங்க?"

வரதராஜுலு யோசித்தார். "டீ போட்டுக் குடிச்சு… அரை மணி நேரம் ஆகும்."

"டீ யாருக்குங்க?"

"அந்தக்காவுக்கு."

"அவங்களை வீட்ல விட்டுட்டுப் போனா வண்டி எப்படிங்க கெடும்?"

வரதராஜுலு காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அப்படியே ஸ்கூட்டரை எடுத்தார். மலையேறிய சூட்டோடு எஞ்சினை நிறுத்தி அரை மணி நேரம் விட்டால், காற்று இல்லாமல் அந்தச் சூடு மெல்ல எல்லா இடத்துக்கும் பரவும். சூடேறிய எஞ்சினைச் சுற்ற ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட அதிக மின்சாரம் கேட்கும். இதுகூடத் தோன்றாமல் பதினாறு இடத்தில் நிறுத்தினோமே!

அமலோற்பவம் அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். சிரித்தாள்.

"அப்ப வண்டி கெடறதுக்குத்தான் என்னையக் கூப்புடறீங்களா தம்பி?"

"ஆமாங்கக்கா."

"இத்தன வருஷத்துல யாரும் இப்படி ஒரு காரணம் சொல்லிக் கூப்புட்டதில்ல." போர்வையை விலக்கினாள். "வர்றேன். ஆனா ஒண்ணு. நின்னா யாரும் தள்ளக் கூடாது. ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

"நின்னா எப்படித் திரும்பி வர்றது?" என்றார் பிலவேந்திரன்.

"அங்கயே இருந்துக்கறேன். மெத்தை இருக்குது, அடுப்பு இருக்குது, இந்த வீட்ல வேறென்ன வாழுது?"

வரதராஜுலு சரியென்று தலையாட்டிவிட்டார். ஆட்டிய பிறகுதான், தான் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்று பயம் வந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பினார்கள். வளைவு வளைவாக ஏறி, ரோட்டோரம் அகலமாக இருந்த ஓர் இடத்தில் பிலவேந்திரன் வண்டியை நிறுத்தினார். சக்கரத்துக்குக் கல் வைத்தார். பின் கதவைத் தூக்கிவிட்டு, மனைவியின் தலைக்குக் கீழே இன்னொரு தலையணை வைத்தார்.

கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பாக்கு மரம். அதற்கும் அப்பால் ஊர், ஊருக்கு நடுவில் மெல்லிய கோடாகப் பவானி. அமலோற்பவம் படுத்தபடியே ஒவ்வொன்றாக விசாரித்தாள். "அந்தச் செவப்பு ஓட்டு வீட்டுக்குப் பக்கத்துல மரம் இருந்துச்சே, வெட்டிட்டாங்களா? ஏங்க, அந்தப் பாறை மேல தண்ணி வருது பாருங்க, தையில தண்ணி வருதே." இஞ்சியை இன்னும் நசுக்கச் சொன்னாள். டீ ஆறிவிட்டது என்று கணவனைத் திட்டினாள். வீட்டுக் கட்டிலில் பார்த்த அம்மாள்தானா இது என்று வரதராஜுலுவுக்கு ஆச்சரியமாக இருந்தது. நாளைக்கு இந்த வண்டி புல்தரைக்குப் போய்விட்டால் இவள் இதையெல்லாம் யாரிடம் விசாரிப்பாள்? நினைக்கவே அவருக்குத் துக்கமாக இருந்தது.

அரை மணி நேரம் ஆனது. பிலவேந்திரன் போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

டொக்.

அவ்வளவுதான் சத்தம். அவர் மறுபடி திருப்பினார். டொக்.

"மெதுவாத்தான் திருப்புனேன் சார்" என்றார் பிலவேந்திரன். "நீங்க சொன்ன மாதிரிப் பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்."

"கேட்டுச்சு" என்றாள் அமலோற்பவம் பின்னாலிருந்து. "நின்னாச்சா?"

வரதராஜுலுவுக்கு உள்ளூரச் சந்தோஷம் பொங்கியது. அது தப்பு என்று அவருக்கே தெரியும். ஆனால் மூன்று மாதம் ஒளிந்து விளையாடிய கள்ளன் கண் முன்னால் நிற்கும்போது என்ன செய்வது? துண்டைத் தரையில் விரித்து, மீட்டரோடு வண்டிக்கு அடியில் போனார்.

"அண்ணா, நான் சொல்றப்ப சாவியைத் திருப்பிப் பிடிங்க."

"தள்ளட்டுமாங்க?" என்று ஒரு ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. நாலைந்து பேர் இறங்கிவிட்டார்கள்.

"யாரும் தொடப்படாது!" என்று வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் அதட்டியது. ஆள் தெரியாமல் குரல் மட்டும் வந்ததில் அவர்கள் அரண்டுபோய் ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள்.

"திருப்புங்கண்ணா."

டொக். பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்கு வருகிற வழியில் மின்சாரம் எங்கும் குறையவில்லை. காகிதத்தில் குறித்துக்கொண்டார். வருகிற வழி சரி. அப்படியென்றால் திரும்பிப் போகிற வழி. அது எஞ்சினிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போய், அங்கிருந்து பேட்டரிக்குப் போகும்.

"திருப்புங்கண்ணா."

உடம்பிலிருந்து பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை. மீட்டரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையை வண்டி உடம்பிலும் வைத்தார்.

"இன்னொருக்கா."

ஒன்பது வோல்ட். ஒன்றுமே காட்டக் கூடாத இடத்தில் ஒன்பது! பேட்டரி தருவதில் முக்கால்வாசியும் இந்த ஒரு முழத்துக்குள் எங்கோ தொலைகிறது. எஞ்சினையும் உடம்பையும் சேர்ப்பது ஒரே ஒரு செப்புப் பின்னல் பட்டை. எர்த் பட்டை என்பார்கள். அதன் எஞ்சின் முனையில் வைத்தார். ஒன்றுமில்லை. உடம்பு முனையில், ஒரு போல்ட் போட்டு முடுக்கியிருந்த இடத்தில் வைத்தார்.

ஒன்பது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் போல்ட்டைப் பார்த்தார். வாஷருக்குக் கீழே கறுப்பாக, வழவழவென்று பெயின்ட். நேர்த்தியான வேலை. விளிம்பில்கூடப் பிசிறு இல்லை.

அது அவர் அடித்த பெயின்ட்.

ஆயுத பூஜைக்கு முன்னால் வாடிக்கை வண்டிகளைக் கழுவி, அடிப்பாகத்துக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, சந்தனம் வைத்து அனுப்புவது அந்தப் பக்கத்துப் பட்டறைகளின் வழக்கம். எல்லாரும் மேலோட்டமாகப் பிரஷ்ஷை ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வரதராஜுலு அப்படிச் செய்கிற ஆளா? இந்தப் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பட்டை உட்காருகிற இடத்திலும் இரண்டு கோட்டிங் கொடுத்து, காயவிட்டு, மறுபடி முடுக்கினார். அன்றைக்கு அவருக்கு ஏகப் பெருமை. அதற்குப் பிறகு போல்ட்டின் மரை மட்டும்தான் அந்த வண்டியின் மின்சாரத்துக்கு மிச்சமிருந்த வழி. அதுவும் மலையில் குலுங்கிக் குலுங்கி நாளுக்கு நாள் குறைந்திருக்கிறது.

மல்லாந்து படுத்தபடியே இருந்தார். இரண்டு நிமிஷ வேலை. சுரண்டிவிட்டு முடுக்கினால் தீர்ந்தது. போல்ட் லூஸாக இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அதில் பெரிய பொய்யும் இல்லை. கை தானாக ஸ்பேனரைத் தேடிச் சட்டைப்பையைத் தடவியது. பையில் காகிதம் மட்டும்தான் இருந்தது.

"அண்ணா…"

"சொல்லுங்க சார்."

"பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் இருக்குங்களா?"

"இருக்குது." பிலவேந்திரனின் செருப்பு பக்கத்தில் வந்து நின்றது. "என்னதுங்க கெடச்சுது?"

வரதராஜுலு அந்தச் செருப்பையே பார்த்தார்.

"பெயின்ட்டுண்ணா. எர்த் போல்ட்டுக்கு அடியில பெயின்ட் இருக்குது. பூஜைக்கு நான் அடிச்சது."

செருப்பு ஓர் அடி பின்னால் போனது.

"உங்க கை மேல ஒரு தப்பும் இல்லீங்க. கையால எதுவும் கெடல. எனக்கு ஒண்ணும் பிடிபடல, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். என்னைய மன்னிச்சிருங்க."

பிலவேந்திரன் போனார். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே வரதராஜுலு நினைத்தார். ஆனால் அவர் ஸ்பேனரோடு திரும்பி வந்து, அறுபத்தெட்டு வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் நுழைந்தார்.

"தள்ளிப் படுங்க சார். நான் கழட்டறேன்."

ஸ்பேனர் போல்ட்டைத் தேடும்போது அந்தக் கை நடுங்கியது. போல்ட்டைக் கவ்வியதும் நடுக்கம் நின்றுவிட்டது. கழற்றினார். பேனாக் கத்தியால் பெயின்ட்டைச் சுரண்டினார். இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை சுரண்டினார். ஃபிட்டர் வேலை பார்த்த கை என்பது பக்கத்தில் படுத்திருந்தவருக்கு நன்றாகத் தெரிந்தது.

முடுக்கிவிட்டு மேலே போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. நிறுத்தினார். மறுபடி திருப்பினார். நிறுத்தினார். மறுபடி.

"போதும்ங்க" என்றாள் அமலோற்பவம். "அதுக்கு மூச்சு வாங்கப் போகுது."

"என் கையால இல்ல அமலு" என்றார் பிலவேந்திரன். திரும்பிப் பார்க்காமல், பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். "கையால இல்லியாம். சார் சொல்றாரு."

"நானும் கேட்டுட்டுத்தானே படுத்திருக்கேன்."

இறங்கி வரும்போது வரதராஜுலு முன் சீட்டில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து அமலோற்பவம் கூப்பிட்டாள்.

"தம்பி."

"சொல்லுங்கக்கா."

"ஒரு மாசமா தெனமும் சாயங்காலம் இவரு எங்க வீட்டுப் பூட்டுல சாவியைப் போட்டுத் திருப்பித் திருப்பிப் பழகிட்டிருந்தாரு. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டாரு. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

பிலவேந்திரன் ஹாரனை அடித்தார். எதிரே வண்டி ஒன்றும் வரவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் பிலவேந்திரன் வண்டியை ஓரம் கட்டி, ரிசார்ட்டுக்காரருக்குப் போன் போட்டார். நாளைக்கு வர வேண்டாம் என்றார். அந்தப் பக்கத்தில் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "அது ஓடுதுங்களே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பட்டறையில் தெய்வாத்தாள் கை கழுவிக்கொண்டிருந்தாள். வரதராஜுலு நின்றபடியே ஒன்று விடாமல் சொன்னார். ஒன்பது வோல்ட்டைச் சொன்னார், பெயின்ட்டைச் சொன்னார், வீட்டுப் பூட்டையும் சொன்னார். அவள் கை கழுவுவதை நிறுத்தவில்லை. பூட்டைச் சொன்னபோது மட்டும் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள்.

"ஏதாவது திட்டுவீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"அதான் நீங்களே திட்டிக்கிட்டீங்களே."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து மறுபடி ஒரு முறை பார்த்தார். வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும், புரியாத ஒன்று இன்னும் அவரைக் குடைந்துகொண்டிருந்தது.

"அம்மணி, ஒண்ணு கேக்கணும். அந்த வண்டிக்கு அடியில நான் எத்தனையோ தடவை படுத்திருக்கேன். பேட்டரியைச் சந்தேகப்பட்டேன், மோட்டாரைச் சந்தேகப்பட்டேன், சுவிட்சைச் சந்தேகப்பட்டேன். கடைசியில அந்த மனுசன் கையையே சந்தேகப்பட்டேன். அந்த ஒரு எடத்தை மட்டும் எப்படிப் பாக்காமப் போனேன்?"

தெய்வாத்தாள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பாக்காம இருந்திருக்க மாட்டீங்க வாத்தியாரே. பாத்துருப்பீங்க. உங்க கை வேலை, பளபளன்னு இருந்துருக்கும்."